எதிர்க்கடை டீ

இருவழி நெடுஞ்சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தப் போகிறார்கள். அதனால் போக்குவரத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன ஆகும் என்று அறிக்கை எழுதியவர் பொன்னுரங்கம். அதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டியவர் வேதவல்லி. இந்த வேலையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் வேதவல்லிதான். சீடருக்கு ஆசிரியையைவிட எட்டு வயது அதிகம்.

அறிக்கை அன்று மாலைக்குள் போயாக வேண்டும். போய்விட்டால் வரைபடத்தில் ஒரு கோடுகூட மாறாது.

இருவரும் கீழ்ப்பாடியில், சாலையோரப் புளியமரத்தடியில் நின்றிருந்தார்கள். இந்தப் பக்கம் ஊர். அந்தப் பக்கம் பள்ளிக்கூடமும் ஒரு டீக்கடையும்.

"மூணு நாள் இதே இடத்துல நாற்காலி போட்டு எண்ணினேன், மேடம். கார், பஸ், லாரி, டூவீலர். மாட்டுவண்டியைக்கூட விடல. வெட்டற மரத்துக்குப் பதிலா எத்தனை நடணும்னு எழுதிட்டேன். தூசி, சத்தம் அளந்தாச்சு. இன்னும் ஏதாவது விட்டுப்போச்சா?"

வேதவல்லி கடைசிப் பக்கம்வரை நிதானமாகப் புரட்டினார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஒரு டீ குடிக்கலாமா?"

பொன்னுரங்கம் சாலையில் கால் வைத்தார்.

"அப்படி இல்ல, சார். உங்க வரைபடப்படி போங்க. ரோடு போட்டு முடிச்சாச்சுன்னு வெச்சுக்கங்க."

வரைபடத்தில் சாலை நடுவே இடுப்புயரத்துக்குத் தடுப்புச் சுவர். மக்கள் கடக்கச் சுரங்கப்பாதை இருந்தது, ஒன்றேகால் கிலோமீட்டர் தள்ளி.

"விளையாடறீங்களா, மேடம்?"

"எனக்குச் சர்க்கரை கம்மியா."

பொன்னுரங்கம் சிரித்துக்கொண்டேதான் கிளம்பினார்.

திரும்பி வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கிளாஸை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். டீயில் ஏடு படிந்திருந்தது.

"கடைக்காரர் என்ன சொன்னார்?"

"சிரிக்கறார். 'அங்கேருந்து ஒரு குரல் கொடுத்திருந்தா நானே கொண்டுவந்திருப்பேனே'ங்கறார். அப்புறம்..."

"அப்புறம்?"

"'வண்டி எண்ணறப்ப, குறுக்க வந்து மறைக்காதீங்கன்னு எங்களையெல்லாம் விரட்டினீங்களே, அந்த சார்தானே'ன்னு கேட்டார்."

"விரட்டினீங்களா?"

"பள்ளிக்கூடம் விட்ட நேரம், மேடம். கூட்டமா குறுக்க வருதுங்க. வண்டியே தெரியல."

சொல்லிவிட்டு எதிரே பள்ளிக்கூட வாசலைப் பார்த்தார்.

வேதவல்லி ஏட்டை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்தார்.

"சர்க்கரை சரியா இருக்கு."

பொன்னுரங்கம் கடைசிப் பக்கத்தை எடுத்து நீட்டினார். "கையெழுத்து, மேடம். அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்."

வேதவல்லி கைப்பையைத் துழாவினார்.

"காலையில அந்தக் கடையிலயே பேனாவை வெச்சுட்டு வந்துட்டேன் போல. கிளாஸைக் கொடுத்துட்டு அப்படியே எடுத்துட்டு வந்துடறீங்களா?"

பொன்னுரங்கம் எதிரே பார்த்தார். கடைக்காரர் அங்கிருந்தே கையாட்டினார்.

பொன்னுரங்கம் கிளாஸை வாங்கிக் கீழே வைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தார். கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டார். பிறகு வரைபடத்தை மடியில் விரித்து, பள்ளிக்கூட வாசலுக்கு நேராகத் தடுப்புச் சுவரின்மேல் விரலை வைத்தார்.

"மேடம், பென்சில் இருக்கா?"

"அது எப்பவும் பையிலதான் இருக்கு, சார்."