எச்சில் தரை

ரோமாபுரிப் பணக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு விநோதமான ஆசை இருந்தது. விருந்து மண்டபத்துத் தரையில் எச்சிலைப் படமாகப் பதித்துக்கொள்வார்கள். மீன் முள், கோழிக் கால், கடித்துப் போட்ட அத்திப்பழம், கொட்டை ஓடு எல்லாம் வண்ணக் கல் துண்டுகளில் இருக்கும். விருந்து முடிந்தும் யாரும் கூட்டாமல் விட்ட தரைபோலத் தெரிய வேண்டுமாம். காசு மிஞ்சிப்போனால் எதற்கெல்லாமோ ஆசை வருகிறது, இதற்கு வந்தால் என்ன?

இந்த வேலையில் பேர்போனவர் தியோன். அவருடைய சீடன் மார்சியன். தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் இன்னும் சீடன்தான். அது அவனை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

கொர்வீனஸ் என்ற செல்வந்தரின் மண்டபத் தரையை தியோன் முழுதாக அவன் பொறுப்பில் விட்டார். வேலை நன்றாக அமைந்தால் மூலையில் உன் பேரைப் பதித்துக்கொள் என்றும் சொல்லியிருந்தார். தரையில் பேர் பதித்தவனைத்தான் ஆசான் என்று அந்த ஊர் மதிக்கும்.

மார்சியன் உயிரைக் கொடுத்துச் செய்தான். ஒவ்வொரு எச்சிலுக்கும் பக்கத்தில் கறுப்புக் கல்லால் மெல்லிசாக நிழல் வைத்தான். நிழல் வந்ததும் கையால் எடுத்துவிடலாம் போல ஆகிவிட்டது.

முதல் விருந்துக்கு இருவருக்கும் அழைப்பு வந்தது. தியோனுக்கு முழங்கால் வலி, போகவில்லை. மறுநாள் காலை பட்டறைக்கு வந்த மார்சியனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஆசானே, ஜெயிச்சுட்டேன். என் கல்லை ஒருத்தி நிஜம்னு நம்பிட்டா."

நடந்ததை ரசித்து ரசித்துச் சொன்னான். தட்டு எடுக்க வந்த அடிமைப் பெண், சீரா என்று பேராம், கோழிக் கால் பக்கத்தில் குனிந்தாள். விரலால் பற்றினாள், வரவில்லை. நகத்தால் நெம்பினாள், அப்போதும் வரவில்லை. அதற்குள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். மண்டபமே சிரித்தது. கொர்வீனஸ் விடவில்லை, இன்னொரு தடவை எடுத்துக் காட்டச் சொன்னார். அவளும் மண்டியிட்டு எடுப்பதுபோலச் செய்தாள். அந்த அத்திப்பழத்தையும் எடுக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிக் கொடுத்தவன் வேறு யாருமில்லை, நம்ம மார்சியன்தான். அதையும் செய்தாள்.

தியோன் சிரிக்கவில்லை. விருந்தாளிகள் யாராவது ஏமாந்தார்களா என்று கேட்டார். ஒருவரும் இல்லை, அவர்களுக்கு வாய் நிறையச் சாப்பாடு, தரையை யார் பார்த்தார்கள் என்றான் மார்சியன்.

"அந்தம்மா கையில துடைப்பம் இருந்துச்சா?"

"இல்லை."

"குப்பை அள்ளக் கூடை?"

"அதுவும் இல்லை. தட்டைக் கீழே வச்சுட்டா. ஒரு கையால இடுப்புத் துணியை மடிச்சுப் பிடிச்சிருந்தா."

"குனியறதுக்கு முன்னால?"

மார்சியன் யோசித்தான். "சுத்திப் பார்த்தா. யாராவது பார்க்கிறாங்களான்னு."

சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.

"அவளை முதல்ல பார்த்தது யாரு?"

"நான்தான். நான்தான் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்."

தியோன் கல் உடைக்கும் சுத்தியலை எடுத்துத் தன் வேலையைப் பார்த்தார். மார்சியனை வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் மண்டியிட்டபோது தான் சிரித்த சிரிப்பு அவனுக்கே கேட்டது.

"திங்கத்தான் எடுத்திருக்கா, ஆசானே. பசி."

தியோன் தலையாட்டினார்.

மார்சியன், எனக்கு அந்தப் பேர் வேண்டாம், இன்னும் எத்தனை வருஷம் ஆனாலும் சீடனாகவே இருந்துவிடுகிறேன் என்றான். கொர்வீனஸிடம் கெஞ்சியாவது அந்தத் தரையைப் பெயர்த்துவிடுகிறேன் என்றும் சொன்னான்.

"எதுக்குப் பெயர்க்கணும்? வேலையில ஒரு குறையும் இல்லை. நான் சொன்ன சொல் சொன்னதுதான். போய் உன் பேரைப் பதி."

மார்சியன் தலை நிமிராமலே கேட்டான். "எந்த மூலையில?"

"மூலையில வேண்டாம். அந்தம்மா நகம் பட்ட இடத்துல பதி."