மைனா விழுங்கிய ‘தான்’

ஒரு காட்டில், இலையெல்லாம் வாடித் தொங்கிய ஒரு கோடையில், ஒரே ஒரு குட்டை மட்டும் வற்றாமல் கிடந்தது. குழந்தைகளே, வற்றவில்லை என்றுதான் சொன்னேன். நிறைந்திருந்தது என்று சொல்லவில்லை. தண்ணீர் ஆமையின் கழுத்தளவுக்கு இருந்தது.

அங்கே குடியிருந்த ஆமைக்கு ஒரே கவலை. மழை வர இன்னும் பத்து நாளாகும். ஆறோ மலைக்கு அந்தப் பக்கம். மற்ற விலங்குகள் ஓடிப் போய்க் குடித்துவிடும்; ஆமையால் முடியுமா?

அது மைனாவைக் கூப்பிட்டது. மைனா பெரிய வாயாடி. பாதி கேட்டதுமே பறந்துவிடும்.

“எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லு. குட்டையில தண்ணி கொஞ்சம்தான் இருக்கு. மறந்துடாதே, கொஞ்சம்தான்!”

“இதைக்கூடவா மறப்பேன், அக்கா?” என்று மைனா பறந்தது.

“குட்டையில தண்ணி கொஞ்சம் இருக்கு! தண்ணி கொஞ்சம் இருக்கு!” என்று காடு முழுக்கக் கத்தியது.

ஆற்றுக்குக் கிளம்பி நின்ற கூட்டம் அப்படியே திரும்பியது. “இங்கேயே இருக்காமே! அப்புறம் எதுக்கு மலை ஏறணும்?”

புழுதி கிளம்பி வருவதைப் பார்த்து ஆமை கத்தியது. “வராதீங்க! கொஞ்சம்தான் இருக்குன்னு சொல்லி அனுப்பினேனே!”

“எனக்கும் கொஞ்சம் போதும்” என்று காட்டுப்பன்றி இறங்கிப் புரண்டது.

“ஆமையக்கா, கொஞ்சம் நகருங்க” என்று பணிவாகக் கேட்டுவிட்டு, யானை தும்பிக்கையை விட்டு உறிஞ்சியது. யானைக்கு அதுதான் கொஞ்சம்.

“ஐயோ, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்களேன்!”

“கொஞ்சம் பொறுங்க அக்கா, இதோ முடிஞ்சுது” என்றது மான்.

உண்மையிலேயே முடிந்துவிட்டது. சேறுதான் மிச்சம். வந்த கூட்டம் வாயைத் துடைத்துக்கொண்டு போனது. ஆமை எரிச்சலோடு மலையைப் பார்த்து நடக்கத் தொடங்கியது.

நான்கு அடி வைப்பதற்குள் மைனா மூச்சு வாங்க வந்து இறங்கியது. “அக்கா, ஒருத்தர் விடாம சொல்லிட்டேன்! கூட்டுல என் குஞ்சுங்க தாகத்துல கத்துதுங்க. கொஞ்சம் தண்ணி எடுத்துக்கிறேன்.”

“என்னன்னு சொன்னே?”

“தண்ணி கொஞ்சம் இருக்குன்னு.”

“அந்தத் ‘தான்’ எங்கேடி?”

மைனா விழித்தது. “அந்தச் சின்னச் சொல்லா? அது போனா என்னக்கா?”

ஆமை சேற்றைக் காட்டியது. “நீயே பாரு. உன் குஞ்சுங்களுக்கு இப்போ கொஞ்சம்கூட இல்லை.”

நீதி: இருப்பது குறைவு என்றால், அதைச் சொல்லும் சொல்லையும் குறைத்துவிடாதே.