ஒரே ஒரு அடி

எபனேசர் ஒன்பது வருஷம் பாடுபட்டு ஒரு சிம்பொனி எழுதி முடித்தார். கொடைக்கானல் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவர், வயது ஐம்பத்திரண்டு. அவருக்கு இசை எழுதச் சொல்லிக்கொடுத்த குரு செலின், அவரைவிடப் பத்து வயது இளையவர், ஊர் இசைக்குழுவை நடத்துகிறவர். செலின் மனம் வைத்தால் அந்த ஒன்பது வருஷமும் ஒருநாள் காதில் விழும். இல்லையென்றால் அலமாரியில் கிடக்கும்.

செலின் படித்துப் பார்த்துவிட்டு, "இப்ப வேண்டாம்ணே," என்றார்.

"என்ன குறை டீச்சர்? அறுபது பேரு வாசிக்கிறாங்க. ஒருத்தர்கூட ஒரு நொடி சும்மா இருக்க மாட்டாங்க. அப்படி எழுதியிருக்கேன்."

"நாளைக்கு ஒத்திகைக்கு வாங்க. சிம்பல் அடிக்க ஆளில்ல."

மறுநாள் காலை ஜன்னலெல்லாம் மூடுபனி. எபனேசர் இரண்டு பித்தளைத் தட்டுகளோடு கடைசி வரிசையில் நின்றார். நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதிய சிம்பொனி. அரைமணி நேரத்தில் சிம்பலுக்கு ஒரே ஒரு அடி. கல்யாணத்துக்குக் கூப்பிட்டு வாசலிலேயே நிறுத்தியது போல அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தன் முறை தவறிவிடக் கூடாதே என்று தாளத்தை எண்ணத் தொடங்கினார்.

எண்பது வரை ஒழுங்காகத்தான் எண்ணினார்.

அப்போது புல்லாங்குழல் ஒரு மெட்டைப் பாதியில் விட்டது. மீதியை யாராவது எடுப்பார்கள் என்று பார்த்தார். யாரும் எடுக்கவில்லை. வயலின்கள் மட்டும் கேட்கிறதா இல்லையா என்கிற அளவில் நடுங்கிக்கொண்டிருந்தன. வெகுநேரம் கழித்து, அந்த மெட்டையே அவர் மறந்திருந்தபோது, ஹார்ன் என்கிற ஊதுவாத்தியம் மீதியைச் சொன்னது. வேறு சுருதியில், தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி. பனி கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டதோ என்றிருந்தது. எபனேசருக்குக் கண் நிறைந்துவிட்டது. துக்கம் ஒன்றுமில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

திடீரென்று வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின.

சிம்பல் அடிக்க வேண்டிய இடம் கடந்துபோய்விட்டிருந்தது.

மனுஷர் கூனிக் குறுகிப் போனார். அரைமணி நேரத்தில் ஒரே ஒரு வேலை, அதையும் கோட்டைவிட்டாயிற்று. இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு தன் சிம்பொனியைப் பற்றிக் கேட்பது?

"மன்னிச்சிடுங்க டீச்சர். கேட்டுக்கிட்டே நின்னுட்டேன்."

செலின் வாத்தியங்களை நடத்திய கோலைக் கீழே வைத்தார். முகத்தில் கோபமில்லை.

"உங்க சிம்பொனியில இப்படி ஒரு தப்புப் பண்ண யாருக்காவது நேரமிருக்காண்ணே?"