நாற்பத்திரண்டு கேமராவும் ஒரு போனும்

திருப்பூர் பனியன் கம்பெனியில் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் இன்டர்நெட் போனில் பேசினால் மூன்று சொல்லில் ஒன்று காணாமல் போனது. நெட்வொர்க் பார்க்கும் தமயந்தியிடம் மேனேஜர் சுந்தரேசன் சீறினார்.

"நாளைக்குப் பேச்சு தெளிவா வரலைன்னா உனக்கு வேலை இல்லை. ஆனா இன்டர்நெட் லைன்ல என் நாற்பத்திரண்டு கேமரா படமும்தான் முதல்ல போகணும். அரை நொடி பிந்தினாலும் கண்டுபிடிச்சிடுவேன்!"

"சரிங்க சார்."

மறுநாள் முதலாளியம்மா முன்னால் பையர் போனில் பேசினார். ஒரு சொல்கூட உடையவில்லை! ஆர்டரும் கிடைத்தது!

"எல்லாம் என் கண்டிப்புங்கம்மா!" என்று எழுந்து நின்றார் சுந்தரேசன்.

"கேமரா படம் பிந்துதுங்களா சார்?" என்றாள் தமயந்தி.

"இம்மிகூட இல்லை!"

"காலையிலிருந்து போனைத்தான் முதல்ல விடறேன். படம் ரெண்டு நொடி பின்னாடி வருதுங்க."

சுந்தரேசன் தொப்பென்று உட்கார்ந்தார். சுவரிலிருந்த கேமரா திரையில் அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினார் முதலாளியம்மா.

திரையிலும் சுந்தரேசன் உட்கார்ந்தார்.