கத்தரிச்ச முனை

உக்காருங்க, உக்காருங்க. பின்வரிசை, அந்தப் பேச்ச நிறுத்துங்க. பல்லு இருக்குறவங்க கேக்க வேண்டிய கதை இது. பல்லு இல்லாதவங்க இன்னும் நல்லாக் கேக்கோணும்.

மேட்டுப்பாளையத்துல குழந்தைவேலுன்னு ஒரு பல் டாக்டர். இருபத்தஞ்சு வருசமா அடுத்தவங்க வாய்க்குள்ளயே எட்டிப் பாத்துட்டு இருக்குறவரு. அவருக்கு ஒரு குரு கெடச்சாங்க. தாடி, கமண்டலம் எதுவும் கெடையாது. மாடியில பல்லு செஞ்சு குடுக்குற லேப்ல வேலை பாக்குற ஜெசிந்தாதான். டாக்டர் மகளவிட ரெண்டு வயசு சின்னது.

டாக்டர் ஆசைப்பட்டு சிஷ்யனாகல. வேற வழியில்லாம ஆனாரு.

உருளக்கெழங்கு மண்டியில ஏலம் கூவுற ரங்கநாயகத்துக்கு முன்பல்லு மூணு போச்சு. டாக்டர் அளவெடுத்தாரு, ஜெசிந்தா பல்லு செஞ்சா. மாட்டிப் பாத்தா, ஒரு கால் கொறஞ்ச பெஞ்சாட்டம் ஆடுது. டாக்டர் மாடியேறி ஜெசிந்தாவத் திட்டினாரு. மறுபடி அளவு, மறுபடி பல்லு, மறுபடி ஆட்டம். இந்தத் தடவ, நாக்க ஆட்டினது நீங்கதான்னு ரங்கநாயகத்தத் திட்டினாரு.

அந்த மனுசன் 'தொண்ணூறு'ன்னு கூவினா 'ஹொண்ணூஊ'ன்னு காத்துதான் வருது. மண்டியே சிரிக்குது. திங்கக்கெழமைக்குள்ள வாய் சரியாகலைன்னா, இப்ப அவரு எடத்துல நின்னு கூவுற ஆளே இனிமே நெரந்தரம்னு மண்டிக்காரர் சொல்லிட்டாரு.

மூணாவது அளவு எடுக்குற அன்னிக்கு டாக்டர் மாடிப்படியில நின்னு கொரல எறக்கினாரு.

"தப்பு எங்கன்னு புடிபடலம்மிணி. நீயே வந்து பாரு."

ஜெசிந்தா எறங்கி வந்து ஓரமா நின்னா. ரங்கநாயகம் வாயில ரெண்டு பக்கமும் பஞ்சு. ஊரையே கூவிக் கூப்புடுற மனுசன், அன்னிக்கு அந்த ரூம்லயே பேசாத ஆளு.

அளவெடுக்குற மருந்து ஒரு துப்பாக்கியில இருக்கும். ரெண்டு கொழா. ஒண்ணுல நீலம், ஒண்ணுல வெள்ளை. துப்பாக்கி மூக்குல ஒரு பிளாஸ்டிக் முனை மாட்டினா, அதுக்குள்ள இருக்குற முறுக்குல சுத்திச் சுத்தி, ரெண்டும் கலந்து ஒரே நெறமா வெளிய வரும். வாயில வெச்சா ரப்பராட்டம் கெட்டியாயிரும். அந்த அச்ச வெச்சுத்தான் பல்லு செய்யறது.

டாக்டர் முனைய எடுத்தாரு. கத்தரிய எடுத்தாரு. நறுக்குன்னு பாதிய வெட்டிட்டாரு.

"அது எதுக்குங்க சார்?"

தீவாளிக்கு அப்புறம் மணிக்கட்டு வலியாம். முழு முனையில அமுத்தினா உயிர் போவுதாம். மருந்து வேற மெதுவா வருதாம், அதுக்குள்ள ஆளு ஓங்கரிச்சுருவாராம். டாக்டர் சொல்லிட்டே போனாரு.

ஜெசிந்தா ஒரு கண்ணாடித் தகட நீட்டினா.

"இதுல புழிங்க."

புழிஞ்சாரு. முழுசா ஒரு முனைய மாட்டிக் குடுத்தா.

"பக்கத்துலயே இதையும்."

பல்லக் கடிச்சுட்டு அமுத்தினாரு. அஞ்சு நிமிசம் கெட்டியாக விட்டாங்க.

"தொடுங்க."

முழு முனையில வந்தது ஒரே வெளிர் நீலம். நகத்தால அமுத்தினா குழி விழுந்து, அப்படியே திரும்ப எந்திரிச்சுருச்சு. வெட்டின முனையில வந்ததுல வெள்ளை தனியா கோடு கோடா ஓடியிருந்துச்சு. அந்தக் கோட்டுல வெரல வெச்சாரு. கெட்டியாகாம பிசுபிசுன்னு ஒட்டுச்சு. இது மாதிரி அச்சுலதான் ரெண்டு தடவ பல்லு செஞ்சிருக்கு.

டாக்டர் வெரலத் தொடச்சாரு. இன்னொருக்காவும் தொடச்சாரு.

"இத்தனூண்டு முனைக்குள்ள இத்தன முறுக்கு எதுக்கும்மிணி?"

"நீலம் தான் நீலங்கிறத மறக்கோணுங்க சார். வெள்ளையும் மறக்கோணும். அதுக்கு அத்தன திருப்பம் வேணும்."

டாக்டர் கத்தரிய டிராயர்ல போட்டு மூடினாரு. முழு முனைய மாட்டி, ரெண்டு கையாலயும் புடிச்சு, நிதானமா அமுத்தினாரு. ரங்கநாயகம் ஓங்கரிக்கல, கண்ண மூடிட்டுப் படுத்திருந்தாரு. அச்சு கெட்டியானதும் வெளிய எடுத்து, ஜெசிந்தா ஜன்னல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தா. கோடு இல்ல, குமிழி இல்ல. ஞாயித்துக்கெழமை பல்லு ரெடின்னு தலையாட்டினா.

டாக்டருக்கு மனசு ஆறல. கையக் கழுவிட்டே தனக்குத் தானே சொல்லிக்கிட்டாரு.

"என்ன பெருசா... அரை நிமிசந்தான மிச்சம் பண்ணினேன்."

ரங்கநாயகம் மெதுவா எந்திரிச்சு, வாயில இருந்த பஞ்ச எடுத்துக் கிண்ணத்துல போட்டாரு.

"அந்த அரை நிமிசம் எங்கிட்டத்தானுங்க டாக்டர் இருக்குது. ரெண்டு மாசமா வெச்சுட்டு உக்காந்திருக்கேன்."