அழியாத எழுத்து

வேம்பனூர் நகராட்சிச் சுவரில் முதலில் ‘விதியே முதல்’ என்றிருந்தது. அடுத்த ஆணையர் அதை அழித்து ‘வேகமே முதல்’ என்றார். அவருக்கு அடுத்தவர் ‘வாடிக்கையாளரே முதல்’ என்றார். மூன்றையும் எழுதியவர் பெயின்டர் மாசிலாமணி.

புதிய ஆணையர் தணிகாசலம் அவரை அழைத்தார். “‘மக்களே முதல்’ என்று எழுது. எனக்குப் பின்னால் வருகிறவன் அதை அழிக்கவே கூடாது. முடியாதென்றால் உனக்கு இங்கே இனி வேலையில்லை.”

“அழிக்க முடியாத இடம் ஒண்ணு இருக்குங்க ஐயா. வாங்க, காட்டுறேன்.”

வெளியே வெயிலில் மக்கள் மனுக்களோடு நின்றிருந்தார்கள்.

“இவங்க வாய்தானுங்க அந்த இடம். அங்கே என் பிரஷ் எட்டாது, நீங்கதான் எழுதணும்.”

ஆணையரின் முகம் சுருங்கியது. பின்பு வரிசையின் முதல் மனுவை வாங்கி, நின்றபடியே அதன்மேல் உத்தரவு எழுதினார். மாசிலாமணி சுவருக்கு வெள்ளையடித்ததோடு நிறுத்திக்கொண்டார்.

ஆள வருவோரே, அந்தச் சுவரில் இன்று அழிப்பதற்கு ஒன்றுமில்லை. ஊரார் வாயில் உள்ளதை அழிக்க எவராலும் ஆகாது.