வெள்ளைக் காரில் மிளகு பொறுக்கிய திருடன்

இந்தக் கதையில் வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் இடம் உண்டு. ஆனால் அது கடைசியில்தான். அதுவரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். ஏனென்றால் அன்றைக்கு ஏட்டு தளவாய் சிரிக்கிற நிலைமையில் இல்லை.

கல்யாண மண்டபத்துப் பித்தளை அண்டாவைத் திருடியவர்கள், அதை ஏற்றிப் போன வெள்ளைக் காரைக் கருங்கண்விளைக்குப் பிரியும் விலக்கு ரோட்டில் விட்டுவிட்டு, அண்டாவோடு ஓடியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் போனில் பொரிந்து தள்ளினார்.

"யோவ் தளவாய், கார் மேல ஒருத்தனும் கை வைக்கக் கூடாது. நான் வர்ற வரைக்கும் காரை விட்டு ஒரு அடி நகரக் கூடாது. உள்ள என்னென்ன கிடக்குன்னு மணிக்கொரு தடவை பார்த்து எழுது. நாலு மணிக்கு நான் வரும்போது துப்பு ஒண்ணும் இல்லைன்னா, நாளைக்கே நீ மலை செக்போஸ்ட்."

மலையில் ரத்தம் உறிஞ்சும் அட்டை இருக்கும். தளவாய் துப்பாக்கிக்குக்கூடப் பயப்பட மாட்டார். அட்டை என்றால் காய்ச்சலே வந்துவிடும்.

பத்து மணிக்கு அவரும் இரண்டு கான்ஸ்டபிள்களும் காருக்குள் எட்டிப் பார்த்தார்கள். கொஞ்சம் மணல் கிடந்தது. 'மணல்' என்று எழுதிக்கொண்டார்கள்.

வெயில் ஏறியது. எதிரே புளியமர நிழல். ஆனால் அது இருபது அடி தள்ளி இருந்தது.

"ஏட்டையா, காரை விட்டுத்தான நகரக் கூடாது? காருக்குள்ள நகரலாம்லா?" என்றான் கான்ஸ்டபிள் இசக்கியப்பன்.

தளவாய் யோசித்தார். உத்தரவில் அதற்குத் தடை இல்லை.

கை வைக்கக் கூடாதே? இன்னொரு கான்ஸ்டபிள் மாசானம் கால் கட்டைவிரலால் கதவைத் திறந்தான். தளவாய் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, வயிற்றாலேயே நெளிந்து நெளிந்து உள்ளே போனார். கண்ணாடி இறக்கும் பிடியை இசக்கியப்பன் பல்லால் கடித்துச் சுற்றினான். பக்கத்து டீக்கடைக்காரர் ஜன்னல் வழியாக மூன்று டீயும் உளுந்தவடையும் நீட்டினார்.

பதினொரு மணிக்கு மறுபடி சோதனை.

"ஏட்டையா, பத்து மணிக்கு இல்லாத வடைத்தூள் இப்ப கிடக்கு."

"எழுதுலே."

"டீ கப்பு மூணு. காக்கிப் பொத்தான் ஒண்ணு. கண்ணாடிப் பிடியில பல்தடம்."

தளவாய் குரலைத் தாழ்த்தினார். "அப்போ அவனுக திரும்ப வந்திருக்கானுக. நாம உள்ள இருக்கும்போதே."

மாசானம் கப்பில் மூக்கை வைத்துப் பார்த்தான். "சூடு ஆறல ஏட்டையா. பக்கத்துலதான் இருக்கானுக."

"கப்பு மூணுன்னா ஆளும் மூணு."

"நாமளும் மூணு பேருதான். சமாளிச்சிரலாம்."

இசக்கியப்பன் சீட்டோரம் குனிந்தான். "வடையில மிளகை மட்டும் பொறுக்கி வரிசையா வச்சிருக்கான் ஒருத்தன்."

"எனக்கும் மிளகு ஆகாதுலே," என்றார் தளவாய். "நல்ல குடும்பத்துப் பயலாத்தான் இருப்பான். சேர்க்கை சரியில்ல."

சீட்டில் ஒரு பள்ளம் இருந்தது. தளவாய் அதில் உட்கார்ந்து பார்த்தார். அச்சு எடுத்த மாதிரி பொருந்தியது. 'தடித்த ஆள். ஏட்டு உடம்பு வாகு' என்று எழுதினான் மாசானம்.

நாலு மணிக்கு ஜீப் வந்தது. தளவாய் காருக்குள் இருந்தபடியே முழுப் பட்டியலையும் கம்பீரமாக வாசித்தார்.

இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "தளவாய், உன் சட்டையில மூணாவது பொத்தான் எங்க?"

தளவாய் குனிந்தார். அந்த இடத்தில் பனியன் தெரிந்தது. பொத்தானைப் பார்த்தார். மிளகைப் பார்த்தார். தான் உட்கார்ந்திருந்த பள்ளத்தைப் பார்த்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. எல்லாம் புரிந்துவிட்டது.

மற்ற இருவர் காதிலும் ரகசியமாகச் சொன்னார்:

"சத்தம் போடாதீங்கலே. மூணு பேரும் சிக்கிட்டானுக. கதவைச் சாத்து, ஒருத்தனும் இறங்கக் கூடாது. அந்த அண்டாவ எங்க வச்சோம்னு மட்டும் நல்லா யோசிச்சுப் பாருங்க."